கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் எங்கே உடைகிறது: கட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்த பதிவு

சென்னையில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்களும், மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவை ஆண்டுதோறும் படமெடுத்துச் சேர்த்து வைப்பவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: படத்துக்குள் மறைத்து வைத்த குறி, நாலு கை மாறிய பிறகும் மிஞ்சுமா? விளம்பரங்கள் எல்லாம் மிஞ்சும் என்றே சொல்கின்றன. எந்தக் கட்டத்தில் மிஞ்சும், எந்தக் கட்டத்தில் போகும் என்பது ஒரு குறியை நாமே கட்டி நாமே உடைத்தால்தான் விளங்கும்.

சாதாரண லேப்டாப், பைத்தான், அதன் கணக்கு நூலகம் நம்பை, பட நூலகம் ஓப்பன்சிவி போதும். கிராஃபிக்ஸ் கார்டு கடைசிச் சோதனைக்கு மட்டும் உதவும். படங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். ஒரே மாதிரிப் படங்களை வைத்துச் சோதித்தால் முடிவு ஏமாற்றும். கபாலீசுவரர் கோயில் கோபுரம் ஒன்று: சுதைச் சிற்பங்கள் நெருக்கமாக இருப்பதால் எதைச் செருகினாலும் கண்ணுக்குத் தெரியாது. மெரினாவின் விடிகாலை வானம் ஒன்று: ஒன்றுமே இல்லாத பரப்பு, சின்னக் கீறலும் தெரியும். காசிமேட்டுப் படகுகள் நிற அழுத்தத்துக்கு. ரங்கநாதன் தெருக் கடைப் பலகைகள் எழுத்துக்கு. நான்கையும் 1600×1200 பிக்சலில் பிஎன்ஜி கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்குச் சொந்தப் படங்களை மட்டும் எடுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் 2012 திருத்தம் சேர்த்த 65பி பிரிவின்படி, உரிமைத் தகவலை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குவதும் மாற்றுவதும் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம்.

குறியைக் கட்டுவது

ஒவ்வொரு பிக்சலின் கடைசி பிட்டில் எழுதும் பழைய முறையைச் சோதிக்கவே வேண்டியதில்லை. ஜேபெக்காக ஒருமுறை சேமித்தாலே அந்த பிட்டுகள் கலைந்துவிடும். 1995-இல் காக், ஜாவ் இருவரும் வெளியிட்ட முறையிலிருந்து தொடங்குவதே சரி. எளிமையானது, ஜேபெக்கின் உள்கணக்கைப் புரிந்து கட்டியது, எங்கே உடையும் என்பதைத் தாளில் கணக்குப் போட்டே சொல்ல முடியும்.

படத்தை ஒளிர்வு, நிறம் என்று பிரித்து, ஒளிர்வுத் தளத்தை மட்டும் எடுக்கவும். அதை 8×8 பிக்சல் பிளாக்குகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் டிசிடி (பிளாக்கை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் 64 கெழுக்கள், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணின் அளவைச் சொல்லும் எண்கள், கிடைக்கும். சுழியத்திலிருந்து எண்ணினால் (4,1), (3,2) ஆகிய இடங்களில் உள்ள இரண்டும்தான் நமக்கு வேண்டும். பிட் 1 என்றால் முதலாவது இரண்டாவதைவிடக் குறைந்தது 25 அதிகமாக இருக்கும்படி இரண்டையும் சமமாக நகர்த்தவும். பிட் 0 என்றால் தலைகீழாக. ஏற்கெனவே அப்படியே இருந்தால் தொட வேண்டாம். பிறகு தலைகீழ் டிசிடி, நிறத் தளங்களுடன் சேர்ப்பு, சேமிப்பு.

இங்கே மூன்று இடத்தில் கால் இடறும். ஓப்பன்சிவியின் டிசிடி முழு எண்களை ஏற்காது. முதலிலேயே தசம எண்ணாக மாற்ற வேண்டும். நிறத் தளங்களில் சிவப்பு வேறுபாடு முன்னாலும் நீல வேறுபாடு பின்னாலும் வரும். மாற்றி இணைத்தால் படகெல்லாம் நிறம் மாறிவிடும். தலைகீழ் டிசிடிக்குப் பிறகு வரும் மதிப்பை 0-255க்குள் அடக்கி, முழுமையாக்கி, அதன் பின்தான் 8 பிட் எண்ணாக மாற்ற வேண்டும். அடக்காமல் மாற்றினால் 256 என்பது 0 ஆகி, வெள்ளை வேட்டியில் கருப்புப் புள்ளிகள் விழும்.

குறி 64 பிட் எண். அதை 8×8 பிளாக் கொண்ட ஓடாக, அதாவது 64×64 பிக்சல் சதுரமாக அடுக்கி, அந்தச் சதுரத்தைப் படம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதிக்கவும். 1600×1200 படத்தில் 30,000 பிளாக்குகள். ஒவ்வொரு பிட்டும் 450 முறைக்குக் குறையாமல் எழுதப்படும். படிக்கும்போது அத்தனை பிளாக்கும் ஓட்டுப் போட, பெரும்பான்மை சொல்வதே பிட்.

மெரினா வானத்தில் இந்த 25 அதிகம். இரண்டு கெழுவும் சுழியமாக இருக்கும் வெற்றுப் பிளாக்கில் ஒவ்வொன்றும் 12.5 நகர வேண்டும். பிக்சல் அளவில் அது தலா 2 முதல் 3 வரை, இரண்டும் சேரும் இடத்தில் 5 வரை ஏறி இறங்கும். கோபுரத்தில் யாருக்கும் தெரியாது, வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். வெற்றுப் பிளாக்குகளில் இடைவெளியை 8 ஆகக் குறைத்து, ஓட்டு எண்ணும்போது வெறும் கூட்டல் கழித்தல் குறியை எண்ணாமல் வேறுபாட்டின் அளவையே கூட்டவும், ஒரு உச்சவரம்பு வைத்து. உச்சவரம்பு இல்லாவிட்டால் கோபுரத்தின் ஓரக்கோடுகள் நாலைந்தே மொத்த ஓட்டுகளையும் அடித்துவிடும்.

ஜேபெக்: கணக்கு சொல்லும் எல்லை

(4,1), (3,2) என்று எடுத்தது சும்மா இல்லை. ஜேபெக் தரநிலையின் ஒளிர்வு அட்டவணையில் (எந்தக் கெழுவை எந்த எண்ணால் வகுப்பது என்ற பட்டியல்) இரண்டு இடத்துக்கும் ஒரே மதிப்பு, 22. ஒரே எண்ணால் வகுத்து முழுமையாக்கினால், வேறுபாடு அந்த எண்ணுக்குக் குறையாமல் இருக்கும்வரை பெரியது பெரியதாகவே இருக்கும். சேமிக்கும் தரம் 75-இல் அந்த 22 என்பது 11 ஆகிறது, தரம் 50-இல் 22, தரம் 44-இல் 25, தரம் 43-இல் 26. ஆக இடைவெளி 25 வைத்த பிளாக்குகளுக்கு 44 வரை உத்தரவாதம். அதற்குக் கீழே ஒரேயடியாகப் போகாது. சில பிளாக்குகளில் இரண்டும் சமமாகிவிடும், மற்றவற்றின் ஓட்டுகள் பிட்டைக் காப்பாற்றும். தரம் 30-இல் வகுஎண் 37. அங்கும் கோபுரப் படம் தாங்குகிறது, ஏனென்றால் அங்கே இயல்பாகவே பெரிய வேறுபாடுகள் நிறைய. 8 மட்டும் வைத்த வானம் முன்னாலேயே போய்விடும்.

இந்த உத்தரவாதம் முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: பெறுபவரின் ஜேபெக் கட்டமும் நம் கட்டமும் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும்.

கட்டம் நகர்ந்தால்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் வழக்கமாக 1600 பிக்சலுக்குள் வந்துவிடும். கேமராவிலிருந்து வந்த 6000×4000 படத்தில் குறியிட்டிருந்தால் 8 பிக்சல் பிளாக் 2.13 பிக்சலாகச் சுருங்கும். எவரும் தாக்கவில்லை, அண்ணன் தம்பிக்கு அனுப்பியதோடு குறி போயிற்று. ஸ்டூடியோக்களில் குறி காணாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது என்றே சொல்வோம்.

இதற்கு வழி உண்டு. பெரிய படத்தை 1600-க்குச் சுருக்கி, அதில் குறியிட்டு, குறியிட்டதற்கும் இடாததற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் தனியே எடுங்கள். அந்த வேறுபாட்டை 6000-க்குப் பெரிதாக்கி மூலப் படத்தில் கூட்டுங்கள். படிக்கும்போது எந்த அளவில் வந்தாலும் முதலில் 1600-க்குக் கொண்டுவந்து படியுங்கள். படத்தைச் சற்று மென்மையாக்கும் பெரிதாக்கல் முறையைப் பயன்படுத்தினால் இடைவெளியை 25-இலிருந்து 30 ஆக்க வேண்டியிருக்கும்.

அந்த 1600-ஐயும் பாதியாக்கி 800-இல் யாராவது அனுப்பினால் வேறொரு கோளாறு வருகிறது. 8 புள்ளி டிசிடியில் 4 என்ற எண், பாதி அளவுப் படம் தாங்கக்கூடிய அதிர்வெண்ணின் விளிம்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. எனவே (4,1) நலிந்துவிடும், (3,2) ஓரளவு பிழைக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுருங்கி ஓட்டுகள் வலுவிழக்கும், படித்த எண்ணில் பிழைகள் கூடும். அப்படி வந்தால் குறி அழிக்கப்பட்டது என்று முடிவு கட்டாமல் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணையை (1,2), (3,0) என்று மாற்றினால் இந்த நலிவு பெரிதும் குறையும். அங்கே அட்டவணை மதிப்பு 14 என்பதால் ஜேபெக் உத்தரவாதமும் 28 வரை இறங்கும். விலை: அதிர்வெண் குறைவு, வானத்தில் இன்னும் எளிதாகக் கண்ணில் படும். ஆவணப் படங்களுக்கு இந்த இரண்டாவது இணையைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம்.

ஓரத்தை வெட்டினால் கட்டம் 8×8 பிக்சல் இடங்களில் எங்கு வேண்டுமானாலும் தொடங்கலாம், ஓடு 8×8 பிளாக் இடங்களில் எங்கு வேண்டுமானாலும். மொத்தம் 4,096 தொடக்கங்கள். அத்தனையையும் லேப்டாப்பே தேடிவிடும். 400×400 துண்டு கிடைத்தாலும் பிட்டுக்குச் சராசரியாக 38, 39 ஓட்டு உண்டு. ஆபத்து தேடும் நேரத்தில் இல்லை, தற்செயல் பொருத்தத்தில் இருக்கிறது.

64 பிட்டில் 10 பிழை வரை பொறுக்கலாம் என்று வைத்தால், குறியே இல்லாத படம் குறிப்பிட்ட ஒரு எண்ணோடு தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 10 கோடியில் ஒன்று. நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் 500 வாடிக்கையாளர் எண்களோடும் ஒப்பிட்டால் அது 2 லட்சத்தில் ஒன்று. அதன் மேல் 4,096 தொடக்கங்களையும் தேடினால் ஏறக்குறைய 49-இல் ஒன்று! 49 படத்தைச் சோதித்தால் ஒரு அப்பாவியின் பெயர் வந்து நிற்கும். வெட்டிய படத்தைத் தேடும்போது பொறுக்கும் பிழையை 6 ஆகக் குறையுங்கள். அப்போது அத்தனையும் சேர்ந்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு வரும். எண்களை வழங்கும்போதே, ஒருவருடைய குறிச் சதுரத்தைச் சுழற்சியாக நகர்த்தினால் இன்னொருவருடையது வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவரைக் குற்றம் சொல்லப் பயன்படும் கருவியில் இந்தக் கணக்கைத் தவிர்ப்பவர்களை நம்பக்கூடாது.

சாய்வு இன்னும் மோசம். போன் கேலரியில் அடிவானத்தை நேராக்க 1 பாகை திருப்பினால், நடுவிலிருந்து 800 பிக்சல் தள்ளி உள்ள இடம் 14 பிக்சல் நகர்கிறது. கால் பாகை திருப்பினாலே 3.5 பிக்சல். படத்தின் தரம் துளியும் குறையாமல் ஓட்டெல்லாம் குழம்பிவிடும். 1998-இல் கேம்பிரிட்ஜின் பெட்டிகோலாஸ், ஆண்டர்சன், குன் மூவரும் ஸ்டர்மார்க் என்ற கருவியால் காட்டியதும் இதையே: கண்ணுக்குத் தெரியாத அளவு அங்கங்கே லேசாக வளைத்தால் போதும், அன்றைய குறிகள் பலவும் கண்டுபிடிப்பானின் கையை விட்டு நழுவின. குறி படத்துக்குள்ளேயே இருக்கிறது. எங்கே தேடுவது என்பதுதான் தொலைந்துபோகிறது.

மூலப் படம் கையில் இருந்தால்

தொலைந்ததை மீட்க மூலப் படம் போதும். வந்த படத்திலும் மூலத்திலும் ஓஆர்பி அல்லது சிஃப்ட் புள்ளிகளை (எந்தக் கோணத்திலும் அடையாளம் காணத்தக்க மூலை, முனைகள்) எடுத்துப் பொருத்தி, தவறான பொருத்தங்களை ஒதுக்கும் ரான்சாக் மூலம் ஹோமோகிராஃபி (ஒரு படம் இன்னொன்றின் மேல் படிவதற்கான சமன்பாடு) கணித்து, வந்த படத்தை மூலத்தின் மேல் படியும்படி வளைத்து, பிறகு படியுங்கள். வெட்டு, சாய்வு, அளவு மாற்றம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே அடியில் தீரும். 4,096 தேடலும் வேண்டாம், பிழை வரம்பு 10-க்கே திரும்பலாம். ஒத்துப்போகும் புள்ளிகள் 30-க்குக் குறைந்தால் பொருத்தத்தை நிராகரியுங்கள். மெரினா வானத்தில் பிடித்துக்கொள்ளப் புள்ளியே கிடைக்காது. கரையோ படகோ சட்டகத்தில் இல்லாவிட்டால் இந்த வழி உதவாது. ஸ்டர்மார்க் போன்ற வளைப்புக்கு ஹோமோகிராஃபி மட்டும் பற்றாது, அதன் பின் சிறு சிறு பகுதிகளாக நகர்வைத் தேடித் திருத்த வேண்டும். மூலத்தைக் கழித்துவிட்டுப் படிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஏற்கெனவே வரிசை சரியாக இருந்த பிளாக்குகளை நாம் தொடவில்லை. கழித்தால் அவற்றின் ஓட்டு காணாமல் போகும்.

மூலம் கையில் இருக்கும்போது குறி எதற்கு? படம் யாருடையது என்பதை மூலமே சொல்லும். எந்தப் பிரதி வெளியே போனது, யாருக்குக் கொடுத்த பிரதி என்பதைக் குறிதான் சொல்லும். குறிக்கு உண்மையான வேலை இதுவே.

தெரிந்தே நீக்குபவர்

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் வேண்டுமென்று செய்யாதவை. முறை தெரிந்த ஒருவர் வந்தால் கதை வேறு. (4,1)-க்கும் (3,2)-க்கும் உள்ள வேறுபாட்டை எல்லாப் பிளாக்குகளிலும் எடுத்து வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். இயல்பான படத்தில் சுழியத்தில் உச்சம் இருக்கும். குறியிட்ட படத்தில் அதே இடத்தில் பள்ளம், இரண்டு பக்கமும் இரண்டு மேடு. சாவியே இல்லாமல் எந்த இணை என்று தெரிந்துவிடுகிறது, தெரிந்த இணையைச் சமன்படுத்துவது பெரிய வேலை இல்லை. பிளாக்குக்குப் பிளாக் இணையை ரகசிய எண்ணால் மாற்றினால் பள்ளம் மங்கும். ஆனால் அப்படி மாற்றினால் வெட்டிய படத்தைக் குருட்டுத்தனமாகத் தேடுவது கடினமாகும். மூலத்தோடு பொருத்திப் படிப்பவர்களுக்கு அந்த இழப்பு இல்லை, அவர்கள் தயங்காமல் மாற்றலாம்.

இரண்டு வாடிக்கையாளர்கள் தங்கள் பிரதிகளைச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? பிட் ஒன்றாக இருக்கும் இடம் அப்படியே இருக்கும், மாறுபடும் இடத்தில் வேறுபாடு சுழியத்தை நெருங்கும். இரண்டு எண்களும் 32 பிட்டில் வேறுபட்டால் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 16 பிழை. வரம்பு 10, இருவருமே தப்பிவிடுவார்கள். ஓட்டு ஏறக்குறைய சமமாக வந்த பிட்டுகளை ஒதுக்காமல் குறித்து வையுங்கள். அந்த இடங்களில் மட்டும் வேறுபடும் ஜோடி யார் என்று தேடினால் இருவரும் சேர்ந்தே சிக்குவார்கள். 500 பேரில் 1,24,750 ஜோடிதான். கணினிக்கு நொடி வேலை. பலர் சேர்ந்தால் 64 பிட் போதாது. கேபோர் டார்டோஸ் 2003-இல் தந்த குறியீட்டு முறை அதற்கானது, ஆனால் அது மிக நீளமான எண்களைக் கேட்கும்.

தயாராகக் கிடைக்கும் நூலகங்களில், செயற்கை நுண்ணறிவால் படம் வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷனோடு வந்த இன்விசிபிள்-வாட்டர்மார்க்கைத் திறந்து பார்ப்பது நல்ல பயிற்சி. அதன் இயல்பு முறை நீல வேறுபாட்டுத் தளத்தில் ஹார் வேவ்லெட் (சிற்றலை) உருமாற்றத்தைப் போட்டு, 4×4 பிளாக்கின் பெரிய கெழுவை 36-இன் படிகளில் வைக்கிறது: படியின் கால் பங்கில் 0, முக்கால் பங்கில் 1. இதில் வெளிச்சத்தை 10 சதவீதம் பெருக்கிப் பாருங்கள். 189 என்ற கெழு 0-ஐக் குறிக்கும், ஏனென்றால் 180-க்கு மேல் 9. அது 207.9 ஆனால் மீதி 27.9, படிப்பது 1. கெழுக்கள் 9, 27 என்று சின்னவையாக இருந்தால், அவை 9.9, 29.7 ஆனாலும் பாதிப்பில்லை. அதனால் ஒரே பெருக்கலில் சின்னக் கெழுக்கள் பிழைத்து, பெரியவை பிட்டை இழக்கலாம். இரண்டு கெழுவை ஒப்பிடும் நம் முறைக்கு இந்த நோய் கிடையாது. இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கினால் வரிசை மாறாது.

எல்லோருக்கும் தெரியும்படி பெயரைப் போடுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு: 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் டெகெல் முதலானோர் காட்டியது, ஒரே லோகோ ஒரே வடிவில் நூற்றுக்கணக்கான படங்களில் இருந்தால் அந்தப் படங்களை ஒன்றாக வைத்தே லோகோவையும் அதன் ஒளிபுகு அளவையும் கணித்து, எல்லாவற்றிலிருந்தும் தானாகக் கழித்துவிடலாம் என்பது. இடத்தை மட்டும் மாற்றுவது போதாது. ஒவ்வொரு படத்திலும் லோகோவை ஒரு பிக்சல் அளவுக்குச் சீரற்று வளைத்தால் கழித்த இடத்தில் தடம் மிஞ்சும்; அவர்களே சொன்ன தடுப்பு அது.

கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியது கடைசிச் சோதனைக்கு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் சுருக்கியில் (படத்தைச் சிறு எண் தொகுப்பாக்கி மீண்டும் வரையும் பகுதி) 512×512 படம் 64×64×4 எண்களாகிறது. 7,86,432 எண்கள் 16,384 ஆகின்றன, 48-இல் ஒரு பங்கு. உள்ளே போய் வெளியே வந்தால் படம் ஏறக்குறைய அதேதான், ஆனால் பிக்சல்கள் புதிதாக வரையப்பட்டவை. நம் 25 இடைவெளி அங்கே பிழைப்பதில்லை. 2023 முதல் வந்த ஆய்வுகள் இந்த வழியைச் சற்று இரைச்சல் சேர்த்து வலுப்படுத்தி, சின்ன மாற்றங்களாக மறைத்த குறிகள் எதுவும் கொள்கை அளவிலேயே நீக்கத்தக்கவை என்று காட்டியிருக்கின்றன. ரங்கநாதன் தெருப் படம் இங்கேதான் உதவுகிறது: தூரத்துப் பலகைகளில் புள்ளிகளும் கொம்புகளும் சிதைந்து, இல்லாத எழுத்துகள் முளைக்கும். குறி போனாலும் படம் மறுவார்ப்பானது என்பது மூலத்தை அருகில் வைத்தால் தெரிந்துவிடும்.

குறியை நீக்குவது மட்டுமே தாக்குதல் அல்ல. ஒரு படத்தின் குறியை மதிப்பிட்டு இன்னொரு படத்தில் ஒட்டும் வழியைக் குட்டரும் கூட்டாளிகளும் 2000-இல் விவரித்தார்கள். உங்கள் படத்தின் மேல் இன்னொருவர் தன் குறியையும் போட்டுவிட்டு, தன்னுடையதே முதலில் இருந்தது என்று சாதிக்க முடியும் என்பதைக் கிரேவர், மேமன், யோ, யங் 1998-லேயே எழுதினார்கள். அதனால் குறியை மட்டும் வைத்து உரிமையை நிறுவ முயல வேண்டாம்.

நாங்கள் வைத்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பு இது. கேமராவின் ரா கோப்பு, குறியிடாத 1600 பிரதி, ஒவ்வொருவருக்கும் கொடுத்த குறியிட்ட பிரதி, இம்மூன்றின் ஷா-256 எண்ணும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) தேதியும். இந்த எண்களின் பட்டியலை மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தால் தேதிக்குச் சாட்சி கிடைக்கும். குறிக்குள் பெயரோ போன் எண்ணோ வேண்டாம், பதிவேட்டின் வரிசை எண்ணை மட்டும் சீரற்ற 64 பிட்டாக மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு புதிய தொகுதியையும் கொடுப்பதற்கு முன் தரம் 50 ஜேபெக், 800 பிக்சல், 1 பாகை சாய்வு, நான்கில் ஒரு பங்கு வெட்டு ஆகிய நான்கிலும் போட்டுப் படித்துப் பாருங்கள். எந்தப் படத்திலாவது பிழை 6-ஐத் தாண்டினால் அந்தப் படத்துக்கு மட்டும் இடைவெளியை 5 கூட்டி மறுபடி இடுங்கள். வானம் நிறைந்த படங்கள்தான் பெரும்பாலும் இப்படித் திரும்பி வரும்.